ஆண்டு எழுதாத டிக்கெட்: ஓர் ஏர் சிலோன் பயணச்சீட்டுக்குத் தேதி கண்ட நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022ஆம் ஆண்டின் நடுவில், சென்னையில் வாழும் ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பழைய காகிதங்களைப் படமெடுத்துப் பட்டியலிடும் சிறிய தன்னார்வக் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். கடிதம், பள்ளிச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ், ரேஷன் அட்டை என்று எது வந்தாலும் வாங்கிப் படமெடுத்து, குறிப்பு எழுதி, உரியவரிடமே திருப்பிக் கொடுப்போம். ஆண்டின் இறுதியில் ஒரு கண்காட்சி வைப்பதாகத் திட்டம்.

என்னைக் குழுவில் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் என் பழைய வேலை. காகித டிக்கெட் காலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். கையால் டிக்கெட் எழுதியிருக்கிறேன், கூப்பன் கிழித்திருக்கிறேன். பயணம் சம்பந்தப்பட்ட காகிதம் எது வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுவார்கள்.

அப்படி வந்ததுதான் இந்த டிக்கெட். கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்தில் 1953இல் பிறந்து, எண்பதுகளில் சென்னைக்கு வந்து தங்கிவிட்ட ஓர் அம்மா. அவருடைய அப்பா யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்திருந்தவர். டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "இது முதல் பிளேன் ரிக்கற் தம்பி. நாப்பத்தேழாம் ஆண்டு அப்பா அதில போனவர்."

குழுவில் எல்லோருக்கும் புல்லரித்துவிட்டது. எனக்கும்தான்.

ஏன் அத்தனை பரபரப்பு

ஏர் சிலோனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இலங்கையின் முதல் தேசிய விமான நிறுவனம் அது. நாடு சுதந்திரம் பெற இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், 1947 டிசம்பர் 10 அன்று, அதன் முதல் விமானம் கொழும்பின் இரத்மலானையிலிருந்து கிளம்பியது. போன பாதைதான் நமக்கு முக்கியம்: இரத்மலானை, யாழ்ப்பாணம், மதராஸ். யாழ்ப்பாணத்தில் இறங்கிய இடம் பலாலி, இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம். விமானமும் போர்க்காலத்து டகோட்டா, டி.சி.3. ஒரு நாட்டின் தேசிய விமானச் சேவை, தன் முதல் பயணத்திலேயே இரண்டு கரைத் தமிழரையும் இணைத்துக்கொண்டு போயிருக்கிறது. இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

அதற்குப் பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1949இல் ஆஸ்திரேலியாவின் ஏ.என்.ஏ. நிறுவனம் கூட்டாளியாகி, நான்கு என்ஜின் விமானங்களில் நெடுந்தூரச் சேவை தொடங்கியது. 1956இல் டச்சு நிறுவனமான கே.எல்.எம். கைகொடுத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த இடத்துக்கு பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. வந்தது. எழுபதுகளில் பிரான்சின் யு.டி.ஏ. சிறிய பாதைகளில் டகோட்டாவோடு 1964 முதல் ஆவ்ரோ 748 சேர்ந்தது, 1969இல் ட்ரைடன்ட் ஜெட் வந்தது. நாடு 1972இல் ஸ்ரீலங்கா ஆன பிறகும் நிறுவனத்தின் பெயர் சிலோனாகவே இருந்தது. 1978இல் நிறுவனம் நொடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 7 அன்று இரத்மலானையில் நின்ற அதன் ஆவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் அழிந்தது. 1979 செப்டம்பர் 1 அன்று ஏர் லங்கா பறக்கத் தொடங்கியது. அதுதான் இன்றைய ஸ்ரீலங்கன்.

ஆக, 1947 டிசம்பர் 10 தேதியிட்ட ஒரு பயணியின் டிக்கெட் கிடைத்தால் அது சாதாரணக் காகிதம் இல்லை. கண்காட்சியின் நடுவில் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதென்று அன்றைக்கே பேச்சு வந்துவிட்டது.

கையில் இருந்தது என்ன

ஒரு டிக்கெட் புத்தகம், அதாவது நீளவாட்டில் தைத்த மெல்லிய காகிதக் கட்டு. மேலட்டையில் நிறுவனத்தின் பெயர். உள்ளே மிஞ்சியிருந்தவை இரண்டு தாள்கள்: பயணியிடமே கடைசிவரை இருக்கும் பயணி கூப்பன் ஒன்று, மதராஸ் – யாழ்ப்பாணம் திரும்பும் வழிக்கான, கிழிக்கப்படாத விமானக் கூப்பன் ஒன்று. போகும் வழிக்கான கூப்பன் இல்லை. அது இல்லாமல் இருப்பதுதான் சரி, ஏனென்றால் விமானம் ஏறும்போது கவுன்டரில் கிழித்து எடுத்துக்கொள்வார்கள்.

பயணி கூப்பனில் கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான். போகும் வழி: யாழ்ப்பாணம் – மதராஸ், நிறுவனக் குறியீடு ஏ.இ., தேதி 11 பிப்ரவரி, நிலைமைக் கட்டத்தில் ஓ.கே. திரும்பும் வழி: தேதி இடத்தில் ஓப்பன் என்ற ஒற்றைச் சொல். வழங்கிய அலுவலக முத்திரையில் யாழ்ப்பாணம் என்பது மட்டும் படிக்க வந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ஈரம் பட்டு மை பரவியிருந்தது.

புத்தகத்துக்குள் இரண்டு துண்டுச் சீட்டுகளும் இருந்தன. ஒன்று மதராஸில் தங்கிய விடுதியின் பில். இன்னொன்று ஏதோ முகவரி எழுதிய தாள்.

முதல் நாளில் நடந்த தவறுகள்

இதை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் பட்ட பாட்டில் பாதி இங்கேதான் தொடங்கியது.

முதல் தவறு: ஆர்வத்தில் இரண்டு துண்டுச் சீட்டுகளையும் வெளியே எடுத்துத் தட்டையாக வைத்துவிட்டேன். எந்தச் சீட்டு எந்தத் தாள்களுக்கு நடுவில் இருந்தது என்று எழுதிவைக்கவில்லை, எடுப்பதற்கு முன் படமும் எடுக்கவில்லை. ஒரு காகிதம் எங்கே செருகியிருந்தது என்பதும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை நானே கலைத்துவிட்டேன்.

இரண்டாவது, அம்மாவிடம் கேட்ட கேள்வி. "முதல் விமானத்தில் அப்பா போன நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டேன். விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் பதில் எப்படி வரும்? அவரும் அழகாகச் சொன்னார்: பலாலிக்கு அம்மாவோடு போய்க் கையசைத்தது, விமானம் கிளம்பும்போது புழுதி பறந்தது, தம்பி அழுதது. எல்லாவற்றையும் பதிவு செய்தேன்.

மூன்றாவது, ஏ.இ. என்ற குறியீட்டை இணையத்தில் தேடினேன். வந்தது தைவானின் மாண்டரின் ஏர்லைன்ஸ். ஒரு நிமிடம் டிக்கெட்டே போலியோ என்று சந்தேகப்பட்டேன். இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில் இருந்த எனக்கு அது உடனே உறைத்திருக்க வேண்டும்: விமான நிறுவனங்களின் இரண்டெழுத்துக் குறியீடுகள், நிறுவனம் மூடிய பிறகு வேறொருவருக்குப் போய்ச் சேரும். ஏ.இ. அந்தக் காலத்தில் ஏர் சிலோனுடையது.

சந்தேகம் வந்தது எப்படி

அன்று இரவு பதிவை மறுபடி கேட்டேன். பலாலியில் கையசைத்தது, தம்பி அழுதது. அம்மா பிறந்தது 1953. தம்பி அவருக்கும் இளையவர். 1947இல் இருவருமே பிறக்கவில்லை.

தவிர, கூப்பனில் இருந்த தேதி பிப்ரவரி 11. முதல் விமானம் டிசம்பர் 10. ஆனால் குழுவில் ஒருவர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்: முதல் விமானத்துக்கு வாங்கிய டிக்கெட்டாக இருக்கலாம், பயணத்தை அப்புறம் பிப்ரவரி 1948க்கு மாற்றியிருக்கலாம். அப்படியானாலும் அது முதல் விமானம் ஆகாதே என்றேன். "முதல் பருவத்து டிக்கெட் என்று போடலாமே" என்றார். ஒரு கதை பிடித்துப்போய்விட்டால், அதைக் காப்பாற்ற நாம் எவ்வளவு தூரம் வளைவோம் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

டிக்கெட்டில் ஆண்டு ஏன் இல்லை

கண்காட்சிக்கு வந்த பலரும் பிறகு இதையே கேட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காகித டிக்கெட்டில் பயணத் தேதி என்பது நாளும் மாதமும் மட்டும்தான். டிக்கெட்டின் ஆயுள் பொதுவாக ஓராண்டு. ஓராண்டுக்குள் பிப்ரவரி 11 ஒரே ஒரு முறைதான் வரும், எனவே ஆண்டு எழுதத் தேவையில்லை. ஆண்டு இருப்பது வழங்கிய அலுவலகத்தின் முத்திரையில். முத்திரை அழிந்தால் டிக்கெட் அநாதை. அது எந்தப் பத்தாண்டு என்றே தெரியாமல் போய்விடும்.

அடுத்து, எழுதும் முறை. எழுத்தர் மேலே உள்ள தாளில் அழுத்தி எழுதுவார். அது கணக்குப் பிரிவுக்கும் வழங்கிய அலுவலகத்துக்கும் போகும் தாள். கூப்பன்களின் பின்புறம் பூசிய கார்பன் மை வழியாக எழுத்து கீழே கீழே இறங்கும். பயணி கூப்பன் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதால் அதில்தான் எழுத்து மிகவும் மங்கல். குடும்பத்தின் கையில் மிஞ்சுவதும் அதுதான்.

பிறகு அந்த ஓ.கே., ஓப்பன் சமாச்சாரம். ஓ.கே. என்றால் இருக்கை உறுதி. ஆர்.கியூ. என்றால் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. ஓப்பன் என்றால் பணம் கட்டியாகிவிட்டது, நாள் குறிக்கவில்லை, திரும்பும்போது நீங்களே போய் இருக்கை கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்பதென்றால் இன்றைக்குப் போல ஒரு பொத்தானை அழுத்துவது இல்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அட்டவணைத் தாள் உண்டு. அதைத் தலைமை அலுவலகத்தில் ஸ்பேஸ் கன்ட்ரோல் என்ற மேசை வைத்திருக்கும். மற்ற ஊர்களுக்கு இத்தனை இருக்கை என்று பங்கு பிரித்திருப்பார்கள். பங்கு தீர்ந்தால் தந்தியிலோ டெலிபிரின்டரிலோ கேட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். டகோட்டாவில் இருபத்தைந்து பேர் போனாலே அதிகம். கொழும்புவரை போகிறவருக்கும் யாழ்ப்பாணத்தில் இறங்குகிறவருக்கும் அதே இருக்கைகள்தான். பாதி வழியில் இறங்கும் பயணிக்கு இடம் கொடுத்தால் மீதித் தூரத்துக்கு அந்த இருக்கை காலியாகப் போகும் என்ற கணக்கும் எழுத்தரின் மனதில் ஓடும்.

அறுபதுகளின் தொடக்கத்தில்தான் அமெரிக்காவில், அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து சேபர் என்ற கணினி முன்பதிவு முறையைக் கட்டிக்கொண்டிருந்தன. 1964இல்தான் அது முழு வலையமைப்பாக இயங்கத் தொடங்கியது. நம் பக்கத்தில் அப்போது எல்லாம் தாளும் பென்சிலும் தந்தியும்தான். இப்போது நமக்குக் கணினி இல்லாத அந்தக் குறைதான் உதவுகிறது. அன்று நடந்ததில் கொஞ்சமாவது காகிதத்தில் தங்கியிருக்கிறது.

கிடைத்த தடயங்கள்

முதலில் டிக்கெட்டைச் சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்தேன். இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், பேனா அழுத்திய பள்ளங்கள் நிழல் விழுந்து தெரியும். பிப்ரவரி 11 என்பது உறுதியானது. 17 என்று படிக்க வாய்ப்பிருந்தது, அது நீங்கியது. முத்திரை ஈர மை, பள்ளம் விழாது. எனவே ஆண்டு கிடைக்கவில்லை.

இரண்டாவது தடயம் மேலட்டை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கே.எல்.எம். பெயர் இருந்தது. அந்தக் கூட்டு 1956இல் வந்தது. எனவே டிக்கெட் அதற்கு முந்தியது இல்லை. அத்துடன் 1947 முடிந்தது, 1948உம் முடிந்தது. மேல் எல்லைக்கு மட்டும் இதை நம்பவில்லை. அச்சடித்த டிக்கெட் கட்டுகளைத் தீரும்வரை பயன்படுத்துவது எல்லா அலுவலகத்திலும் உள்ள வழக்கம். கூட்டாளி மாறிய மறுநாளே பழைய கட்டைக் குப்பையில் போட மாட்டார்கள்.

மூன்றாவது, விடுதி பில். தொகை ரூபாயிலும் ந.பை.யிலும் இருந்தது. நயா பைசா. இந்தியாவில் அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. 1964 ஜூனில் "நயா" விழுந்து வெறும் பைசா ஆனது. அப்படியானால் பில் 1957 ஏப்ரலுக்குப் பிந்தியது. ஆனால் பில் இந்தப் பயணத்தைச் சேர்ந்ததுதானா? அது செருகியிருந்த இடத்தை நான் குறித்து வைத்திருந்தால், ஒருவேளை கூப்பனின் கார்பன் மை பில்லின்மேல் ஒட்டியிருந்த தடத்தோடு பொருத்திப் பார்த்திருக்கலாம். பில்லின் ஓர் ஓரத்தில் சிவப்புச் சாயம் மெலிதாக இருந்தது உண்மை. அது எந்தத் தாளிலிருந்து வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லாமல் போய்விட்டது.

நான்காவது தடயம் அம்மா சொன்னது. இந்த முறை கேள்வியைத் திறந்து வைத்துக் கேட்டேன்: "அப்பா திரும்பி வந்ததைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்." "கப்பல்லதான் வந்தவர். தனுஷ்கோடியில ஏறி" என்றார். தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அழிந்தது. அதன் பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்துதான். ஆக, கடைசி வாய்ப்பு 1964 பிப்ரவரி.

மீண்டும் கேட்டேன், பலாலிக்குப் போன நாள் எப்படிப்பட்ட நாள் என்று. கொஞ்சம் யோசித்தார். "பள்ளிக்கூடம் இல்லாத நாள்தான். இருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டா."

இப்போது கணக்குப் போடலாம். பில் இந்தப் பயணத்தினதுதான் என்று வைத்துக்கொண்டால், 1958 முதல் 1964 வரை ஏழு பிப்ரவரிகள். அவற்றில் 11ஆம் தேதி வந்த கிழமைகள் வரிசையாக: செவ்வாய், புதன், வியாழன், சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். 1960 லீப் ஆண்டானதால் வெள்ளியைத் தாண்டிச் சனிக்குப் போகிறது. பள்ளி இல்லாத நாள் என்றால் 1961 சனிக்கிழமை, அல்லது 1962 ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு அப்போது ஏழு, எட்டு வயது. புழுதியும் தம்பியின் அழுகையும் நினைவில் நிற்கக்கூடிய வயதுதான்.

எடுத்த முடிவுகள்

கண்காட்சிக்கு மூன்று வாரம் இருந்தது. குழுவுக்குள் மூன்று கருத்துகள். குடும்பம் சொல்வதை அப்படியே போட்டு "குடும்ப நினைவின்படி" என்று அடியில் சிறிதாக எழுதிவிடலாம் என்றார் ஒருவர். உறுதியில்லாததைக் காட்சிக்கே வைக்க வேண்டாம் என்றார் இன்னொருவர். நான் சொன்னது: வைப்போம், 1961 அல்லது 1962 என்று போடுவோம், எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்பதையும் எழுதுவோம்.

முதல் யோசனையை நான் ஏற்காததற்குக் காரணம், சிறிய எழுத்தை யாரும் படிப்பதில்லை. "1947, முதல் விமானம்" என்ற பெரிய எழுத்துதான் படமாகி ஊரெல்லாம் சுற்றும். பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. இரண்டாவதை ஏற்காததற்குக் காரணம், ஏர் சிலோனின் யாழ்ப்பாணம் – மதராஸ் டிக்கெட் எந்த ஆண்டினதாக இருந்தாலும் அரிது. இந்தப் பாதையில் எத்தனையோ பேர் போய்வந்திருக்கிறார்கள். கையில் காகிதம் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

இன்னொரு முடிவும் எடுத்தோம், அதுதான் கடினமானது: விளக்க அட்டை அச்சுக்குப் போகும் முன் அம்மாவிடம் தனியாகச் சொல்வது. கண்காட்சிக்கு வந்து, உறவினர் நடுவில் நின்று, அவர் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஏழு பிப்ரவரிகளையும் தாளில் எழுதிக் காட்டினேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பா பொய் சொல்லுற ஆள் இல்லைத் தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. "அப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை அம்மா. இந்தக் காகிதம் அந்த நாளுடையது இல்லை என்றுதான் சொல்கிறேன்" என்றேன். சொல்லும்போதே அது போதாது என்று தெரிந்தது. வெளிநாட்டில் இருக்கும் மூத்த அண்ணனிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து நடந்தது

பத்து நாள் கழித்து அம்மாவே அழைத்தார். அண்ணன் 1940களின் தொடக்கத்தில் பிறந்தவர். அவர் சொன்னது இது: முதல் பிளேன் பலாலியில் வந்து இறங்கிய அன்று, ஊரெல்லாம் பார்க்கப் போனது. அப்பா அவரைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க் காட்டினார். அந்த நாளைப் பற்றி அப்பா கடைசிவரை பேசுவார். ஏறிப் போனது பல வருடம் கழித்து. இரண்டு நாட்களும் பலாலி, இரண்டிலும் அப்பா, இரண்டிலும் புழுதி. வீட்டில் சொல்லிச் சொல்லி இரண்டும் ஒன்றாகிவிட்டன.

அண்ணனிடம் இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் பழைய கடிதக் கட்டு. அதில், இவர்களுடைய அம்மா மதராஸில் இருந்த அப்பாவுக்கு எழுதிய கடிதம். படம் எடுத்து அனுப்பியிருந்தார். தலைப்பில் பழைய வழக்கப்படி தமிழ்த் தேதி: சார்வரி, மாசி 12. உள்ளே, திங்கட்கிழமையில் இருந்து கச்சேரிக்கு (அரசின் மாவட்ட அலுவலகம்) முன்னால் சனம் குந்தியிருக்கிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள், கெதியா (சீக்கிரம்) வாங்கோ என்று இருந்தது.

சார்வரி ஆண்டு 60 ஆண்டுக்கு ஒருமுறை. 1960 ஏப்ரல் நடுவிலிருந்து 1961 ஏப்ரல் நடுவரை. அதன் மாசி 12 என்றால் 1961 பிப்ரவரி 23 அல்லது 24. பஞ்சாங்கத்தைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் வரும். 1961 பிப்ரவரி 20, திங்கட்கிழமை, யாழ்ப்பாணம் கச்சேரி முன்பு தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம் தொடங்கிய நாள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் வரும்வரை அது நீடித்தது.

எல்லாம் பொருந்தி வந்தது. 1961 பிப்ரவரி 11, சனிக்கிழமை. அச்சு இயந்திரத்துக்கு ஒரு பாகம் பார்க்க அப்பா மதராஸ் போயிருக்கிறார். ஒன்பதாம் நாள் ஊரில் சத்தியாக்கிரகம். மனைவியின் கடிதம் வருகிறது. கையில் ஓப்பன் டிக்கெட். விமானத்தில் இருக்கை கேட்டும் கிடைக்கவில்லை என்று அண்ணன் நினைவு வைத்திருக்கிறார். எழும்பூரில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, மதவாச்சியில் ரயில் மாறி வீடு வந்திருக்கிறார். பணம் கட்டிய கூப்பனைத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கவும் இல்லை.

இதை யோசித்தபோதுதான் ஒன்று புரிந்தது. திரும்பும்போது விமானத்தில் இடம் கிடைத்திருந்தால் அந்தக் கூப்பனைக் கிழித்திருப்பார்கள். மிஞ்சிய வெற்று அட்டையை யார் பத்திரப்படுத்தப் போகிறார்கள்? இருக்கை கிடைக்காததால்தான் டிக்கெட் மிஞ்சியது.

விளக்க அட்டையைத் திருத்தினோம். ஆண்டு 1961 என்று தனியாகப் போட்டோம். பக்கத்தில் கடிதத்தின் படம். 1947இல் அப்பா தோளில் மகனைத் தூக்கிக்கொண்டு பலாலிக்குப் போன கதை தனி அட்டையில், அண்ணன் சொன்ன சொற்களிலேயே. இரண்டையும் கலக்கவில்லை. அம்மா அந்த இரண்டாவது அட்டையின் முன்தான் நெடுநேரம் நின்றார்.

இனி எப்படிச் செய்வோம்

பட்டியல் படிவத்தில் "செருகியிருந்த இடம்" என்று ஒரு புதிய பத்தி சேர்த்திருக்கிறோம். எதையும் பிரிப்பதற்கு முன் மூடிய நிலையில் ஒரு படம், திறந்த நிலையில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். அப்புறம்தான் கையை வைக்கலாம்.

குடும்பத்தாரிடம் முதல் உரையாடலில் ஆண்டைப் பற்றிக் கேட்பதில்லை. நாள் எப்படி இருந்தது, யார் கூட வந்தார்கள், எதில் திரும்பினார்கள் என்றுதான் கேட்கிறோம். திரும்பிய வழியைக் கேட்டது இந்த நிகழ்வில் போன வழியைவிட அதிகம் உதவியது. மூத்த உடன்பிறப்பு ஒருவர் இருந்தால் அவரிடமும் கேட்காமல் அட்டை எழுதுவதில்லை. அண்ணனை நான் முதல் வாரமே கேட்டிருந்தால் அம்மாவுக்கு அந்தப் பத்து நாள் வருத்தம் இருந்திருக்காது. இதில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு.

பழைய டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: லேமினேட் செய்யாதீர்கள். இந்தக் குடும்பமும் அதற்குத்தான் தயாராக இருந்தது. சூட்டில் கார்பன் எழுத்து கெட்டுப்போகலாம், பள்ளங்களும் தட்டையாகிவிடும், பிறகு எந்த வெளிச்சத்திலும் ஒன்றும் தெரியாது. அமிலமில்லாத காகித உறையில் வைத்து, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும்.

கடைசியாக ஒரு சேர்க்கை. 2019 அக்டோபரில் பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னைக்கு மறுபடி விமானம் வந்தது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பவும் தொடங்கியது. அம்மா 2023இல் அதில் ஊருக்குப் போய்வந்தார். வந்ததும் தன் போர்டிங் பாஸைக் கொண்டுவந்து, "அப்பாவின்ர ரிக்கற்றோட சேர்த்து வையுங்கோ" என்று கொடுத்தார்.

வாங்கிப் பார்த்தேன். நாளும் மாதமும் இருந்தன. ஆண்டு இல்லை. இப்போது டிக்கெட் கணினியில்தான் இருக்கிறது. 2008 ஜூன் 1 முதல் உலக விமான நிறுவனங்கள் காகித டிக்கெட்டை விட்டுவிட்டன. பயணம் முடிந்து சில காலத்தில் முன்பதிவுப் பதிவும் அமைப்பிலிருந்து நீங்கிவிடும். அதன் ஆறு எழுத்துக் குறியீடு வேறொருவருக்குப் போய்விடும். போர்டிங் பாஸ் அச்சாவதும் பெரும்பாலும் வெப்பத் தாளில், சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். அதனால் அவர் முன்னாலேயே அதைப் படமெடுத்தேன். பிறகு ஒரு பென்சிலைக் கொடுத்து, பின்பக்கம் ஆண்டை எழுதித் தரும்படி கேட்டேன்.

எழுதித் தந்தார். கீழே, யாழ்ப்பாணத்துக்கு யாரோடு போனேன் என்பதையும் தானாகவே எழுதினார்.